கோதுமை விரதம்

அந்தச் சமையல் அக்காவுக்கு வருத்தங்களில் நம்பிக்கை இருக்கவில்லை. வருத்தம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது அவருடைய முடிவு. காய்ச்சல் என்றால் வெயிலில் நின்றது. தலையிடி என்றால் எண்ணெய் வையாதது. பள்ளிக்கூட அதிபருக்குச் சலரோகம் என்று யாரோ சொன்னபோது, "உது கடைச் சீனி செய்யிற வேலை. வீட்டுச் சீனி ஒண்டும் செய்யாது" என்றார். வீட்டுச் சீனியை யார் எங்கே செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

வருத்தத்தை நம்பாத மனுசி விரதத்தை நம்பினார். வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி, கார்த்திகை, ஏகாதசி, கந்தசட்டி, கௌரிக்காப்பு என்று பார்த்துக்கொண்டு போனால், அவர் ஒழுங்காகச் சாப்பிட்ட நாட்கள்தான் விசேஷ நாட்கள். அப்படிப்பட்டவரைத்தான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்க விட்டிருந்தார்கள். விரத நாளில் உப்புப் பார்க்க மாட்டார். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் விரதம் போய்விடுமாம். அதனால் விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டு அகப்பையை நீட்டுவார். அந்த மனிசனுக்கு எவ்வளவு போட்டாலும் உப்புக் காணாது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் முழுவதும் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்.

புதிதாக ஒருவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் முதலில் ஊரைக் கேட்பார்கள், பிறகு ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இவர் அதெல்லாம் கேட்க மாட்டார். "நீர் என்ன விரதம் பிடிக்கிறனீர்?" என்றுதான் தொடங்குவார். நான் முதல்முதல் சமையலறை வாசலில் போய் நின்றபோதும் அதைத்தான் கேட்டார்.

"நாங்கள் வேதம், அக்கா" என்றேன். கிறிஸ்தவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அதுக்கென்ன, பெரிய வெள்ளி பிடிப்பியள்தானே" என்று என்னைப் பாதி மன்னித்து உள்ளே விட்டார்.

நான் போனது என் மகள் ஜெசிக்காக. அப்போது அவள் தரம் இரண்டில் படித்தாள். எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதும், கையும் காலும் ஈர்க்கு மாதிரி. பல ஆஸ்பத்திரி ஏறி இறங்கிக் கடைசியில் கண்டுபிடித்தார்கள். கோதுமை அவளுடைய குடலைப் புண்ணாக்குகிறது. அதற்கு மருந்து இல்லை. கோதுமை மா, அதன் தூள், அது பட்ட கரண்டி ஒன்றும் ஆகாது, வாழ்நாள் முழுவதும். "ஒரு துண்டுதானே எண்டு ஆரும் குடுத்தால் பிள்ளை வளராது. கவனம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

சொல்லுவது சுகம். எங்கள் பக்கத்தில் கோதுமை மாவுக்கு ஒளித்து வாழ ஏலுமா? காலையில் பேக்கரிப் பாண். இரவில் புட்டு, இல்லாவிட்டால் இடியப்பம். அரிசிமாப் புட்டு என்று சத்தியம் பண்ணிக் கொடுப்பார்கள், உள்ளே பாதிக்குப் பாதி அவித்த கோதுமை மா இருக்கும். பெருங்காயத்தில்கூட மா கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன்.

வீட்டில் ஒருமாதிரிச் சமாளித்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சோற்றைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். பெட்டி போனபடியே திரும்பி வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பாயில் வரிசையாக இருந்து ஒரே சட்டிச் சாப்பாடு சாப்பிடும்போது, தான் மட்டும் மூலையில் பெட்டியைத் திறக்க வெட்கமாம். பசி பொறுக்காமல் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு வாய் புட்டு வாங்கித் தின்றுவிட்டு நாட்கணக்கில் படுத்தாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் அந்த வரிசையில் இருந்து, எல்லாரோடும் சேர்ந்து, வயிறு நோகாமல் சாப்பிட வேண்டும்.

முதலில் அதிபரிடம்தான் போனேன். "சேர், பிள்ளைக்கு ஒரு தனிச் சட்டி, தனிக் கோப்பை" என்று தொடங்கியதும் அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"மெல்லமாய்க் கதையுங்கோ தங்கச்சி. பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளைக்குத் தனிக் கோப்பையாம் எண்டு வெளியிலை போச்சுதெண்டால் என்ன நடக்கும்? நாளைக்குப் பேப்பரிலை வரும்."

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் தனிக் கோப்பை என்ற சொல்லுக்கு ஒரு கெட்ட கதை இருக்கிறது, சாதி பார்த்துத் தேத்தண்ணி ஊற்றிய காலத்துக் கதை. வருத்தத்துக்காகத்தான் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

"நீங்கள் எதுக்கும் அக்காவோடை கதையுங்கோ. அவ ஓமெண்டால் நானும் ஓம்" என்றார் அதிபர். நான் வாசலுக்குப் போன பிறகு, "நான் அனுப்பினதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

அக்கா நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். தேங்காய் துருவிக்கொண்டேதான் கேட்டார்.

"கோதுமை மா ஒத்துவராதெண்டு ஆர் சொன்னது?"

"டொக்டர்."

"அவர் பாண் சாப்பிடுறேல்லையோ?"

"அவர் சாப்பிடுவார் அக்கா, பிள்ளைக்குத்தான்..."

"பாத்தியளே, தான் சாப்பிடுவார், பிள்ளைக்குக் கூடாதாம். உதுக்குத்தான் நான் உவையளிட்டைப் போறேல்லை. நீங்கள் யோசியாமல் வேலைக்குப் போங்கோ. பிள்ளையைத் தேத்தி விடுறது என்ரை பொறுப்பு."

தேற்றினார். அடுத்த நாளே, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த புட்டை, "பயப்பிடாதை, இது நல்ல மா" என்று சொல்லித் தன் கையாலேயே தீத்திவிட்டிருக்கிறார். ஜெசிக்கு ஆசை, மறுக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவள் படுக்கையில், நான் மானிப்பாய் வேலைக்குப் போகவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பிப் போய்ச் சமையலறைக்குள் நின்று கத்தினேன். "அக்கா, இனிமேல் இவளுக்குத் தனிச் சட்டி வேணும். தனி அகப்பை வேணும். மா அளைஞ்ச கையாலை ஒருத்தரும் இவளின்ரை சாப்பாட்டைத் தொடக்கூடாது. முதல் கை கழுவி, அடுப்புத் துடைச்சு, இவளுக்குச் சமைச்சு வைச்சுப்போட்டுத்தான் மற்றதெல்லாம் தொடங்க வேணும். விளங்குதோ?"

நான் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறிக்கொண்டு வந்தது. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"தனிச் சட்டியோ?"

"ஓம்."

"ஒருத்தரும் தொடக்கூடாதோ?"

"கூடாது."

"எத்தினை நாளைக்கு?"

"சாகும்வரைக்கும்!" என்றேன் ஆத்திரத்தில்.

அக்கா நெஞ்சில் கை வைத்தார். "இந்த வயசிலையோ? எனக்கே கந்தசட்டி ஆறு நாளும் கண்ணைக் கட்டும்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை, விரதமெண்டு. வருத்தம் கிருத்தமெண்டு என்னைப் பேய்க்காட்டிப் போட்டியள்."

"விரதம் இல்லை அக்கா, இது..."

"சொல்லாதேங்கோ. விரதக்காரர் தங்கடை விரதத்தைத் தாங்களே சொல்லித் திரியிறேல்லை" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அடுத்த நாள் விடிய ஒரு புது மண்சட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கினாராம். தலையில் தண்ணீர் வார்த்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, அடுப்பைக் கழுவி மெழுகி, முதல் வேலையாக ஜெசிக்குச் சோறும் பயறும் கீரையும் சமைத்து மூடி வைத்தார். அதற்குப் பிறகுதான் மாப் பானையின் மூடியைத் திறந்தார். ஜெசியை வரிசையின் தலைப்பில் இருத்தி வாழையிலை போட்டார். இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். புட்டுக் கையோடு ஒரு பிள்ளை கிட்டப் போனால், "எட்ட நில், எட்ட நில், விரதக்காரி சாப்பிடுறாள்" என்று சத்தம் போடுவார். அதுவரை ஒரு கரண்டியைத் தனியாக வைக்கச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்த, சமையலுக்கு உதவ வரும் தாய்மார், இப்போது அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் செருப்போடு போகமாட்டார்கள். தனிக் கோப்பைக்குப் பயந்த அதிபர் தனி இலையைக் கண்டு கும்பிட்டுக்கொண்டு போனார். பேப்பரில் ஒன்றும் வரவில்லை.

அடுத்த முறை இரத்தம் சோதித்துப் பார்த்த டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமாய் எங்கடை ஆஸ்பத்திரிக் குசினியிலையும் செய்யேலாது. ஆர் சமைக்கிறது?" என்றார். இந்த வருத்தத்தை ஒரு துளியும் நம்பாத ஒருவர் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முட்டையில் வந்து மாட்டுப்பட்டோம். பிள்ளைக்கு நிறைய முட்டை கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைப் போய்ச் சொன்னால் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த விரதத்திலை பிள்ளை முட்டை சாப்பிடுறது?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "எங்கடை வேதத்திலை சாப்பிடலாம் அக்கா. மாதான் கூடாது."

"உங்கடை கடவுள் கொஞ்சம் இளகின மனம்தான்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடக் கிணற்றடிக்கு அப்பால், மூன்று கல் வைத்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு முட்டை அவித்தார். பார்க்காமல் அவித்ததால் சிலநாள் பச்சையாக இருக்கும், சிலநாள் கல் மாதிரி இருக்கும். எதுவானாலும் ஜெசி சாப்பிட்டாள்.

சாப்பிட்டது மட்டுமில்லை, கொஞ்சம் தலைக்கனமும் பிடித்துவிட்டது. புலமைப்பரிசில் சோதனை நெருங்கும்போது தரம் ஐந்துப் பிள்ளைகளின் தாய்மார் பென்சில்களைக் கொண்டுவந்து அவளிடம் தொட்டுத் தரச் சொன்னார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் கொடுத்திருக்கிறாள். பூசணிக்காய்க் கறி நாளில் பையன்கள் சிலர் தாங்களும் விரதம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "நல்லது ராசா, வாருங்கோ, முதல் கிணத்தடியிலை தலையிலை வார்ப்பம்" என்று அக்கா வாளியைத் தூக்கியதும் ஓடிப்போய்ப் பூசணிக்காயைத் தின்றார்கள்.

கதை மானிப்பாயில் எங்கள் சபைவரைக்கும் போய்விட்டது. ஒரு பின்னேரம் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "பிள்ளை சைவ விரதம் பிடிக்கிறாளெண்டு சபையிலை ஒரு கதை அடிபடுது" என்றார். என் கணவர் சபைப் பாடகர் குழுவில் இருப்பவர். தண்ணீர் மோட்டரைப் பார்க்கவேணும் என்று சொல்லிப் பின்பக்கம் போய்விட்டார். நான் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் சிரிக்கவில்லை.

"அப்ப ஞாயிறுப் பள்ளியிலை குடுக்கிற கேக்?"

"அதைத்தானே ஐயா குடுக்க வேண்டாமெண்டு எல்லாரிட்டையும் கெஞ்சிறன். ஒவ்வொரு கிழமையும் ஆரோ ஒருத்தர், பாவம் பிள்ளை எண்டு ஒரு துண்டு வாய்க்குள்ளை வைக்கினம்."

"விரதமெண்டால் குடுக்காயினம் போலை" என்றார் அவர், யோசித்துக்கொண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில், ஜெசி நோன்பில் இருக்கிறாள், தயவுசெய்து யாரும் அவளுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தார். அன்றோடு கேக் நின்றது. என் மகள் இரண்டு சமயத்துக்கும் பொதுவான தவசி ஆனாள்.

இந்தக் கூத்தெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாணி விழாவரைக்கும்.

நவராத்திரி ஒன்பது நாளும் அக்கா இருந்த விரதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கடைசி நாள் பூசைக்கு மோதகம் அவர் பொறுப்பு. பெற்றோர் எல்லாரும் போயிருந்தோம். பள்ளிக்கூட மண்டபத்தில் சரஸ்வதி படம், கும்பம், ஊதுபத்திப் புகை, தேவாரம். பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். நான் பின்னால் கதவோடு நின்றேன். தீபம் காட்டி முடிந்ததும் அக்கா தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஜெசியிடம் போனார்.

"முதல் பிரசாதம் விரதக்காரிக்கு" என்று ஒரு மோதகத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

மோதகம் வெடிக்காமல் வரவேண்டும் என்றால் அரிசி மாவோடு கோதுமை மா சேர்க்காமல் எங்கள் ஊரில் ஒருவரும் பிடிப்பதில்லை. அது அக்காவுக்குத் தெரியாததா? பிரசாதத்தை அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதுதான் சங்கதி. ஜெசி எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் மோதகத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். நான் பிள்ளைகளைத் தாண்டி, ஒரு ஆசிரியையின் சேலையை மிதித்து, கத்திக்கொண்டு ஓடினேன்.

"அக்கா! உதுக்குள்ளை அவிச்ச மா எவ்வளவு?"

"அரைவாசி" என்றார் அக்கா, பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒரு பக்கம் சரஸ்வதியின் பிரசாதம். அதை மறுப்பதைவிடப் பெரிய பாவம் அவருடைய உலகத்தில் இல்லை. மற்றப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையின் சாகும்வரை விரதம். அதை முறிப்பதும் அதே அளவு பாவம். அந்த மனுசியின் முகம் அப்படித் தடுமாறி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் கையை நீட்டி, ஜெசியின் உதட்டில் முட்டப்போன மோதகத்தைப் பறித்தார். பிடுங்கிய வேகத்தில் பிள்ளையின் கன்னத்தில் நகம் கீறிவிட்டது. அக்கா படத்தின் பக்கம் திரும்பினார்.

"தாயே, நீ கொஞ்சம் பொறு. இவள் பிடிக்கிறது வேறை விரதம். பாவம் வாறதெண்டால் எனக்கு வரட்டும், பிள்ளையிலை கை வைச்சிடாதை."

கெஞ்சிச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வேலிக்கு மேலால் கதைப்பது மாதிரிச் சொன்னார். பிறகு குழாயடிக்குக் கூட்டிப்போய் ஜெசியின் விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண்ணுக்குள் எல்லாம் விட்டுக் கழுவினார். நான் பக்கத்தில் நின்று அழுதேன்.

பிரசாதத்தைப் பறித்த கைக்கு ஒரு தண்டனை வேண்டும் என்று அடுத்த நாள் சொன்னார். என்ன என்று கேட்டேன். "நானும் இவளோடை சேர்ந்து பிடிக்கப்போறன். இனி மா தொடமாட்டன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விரதம் இல்லாத அருமையான நாட்களில் அவருக்கு இருந்த ஒரே ஆசை, தேத்தண்ணியில் தோய்த்த சூட்டுப் பாண்தான். அது பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரியும். ஒரு மாதம் ஓடும், பிறகு மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

ஜெசி தரம் ஆறுக்கு மானிப்பாய்ப் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே மத்தியானச் சாப்பாடும் இல்லை, அக்காவும் இல்லை. கன்ரீனில் ரோல்ஸ், பற்றிஸ், பணிஸ், எல்லாம் கோதுமை மா. சிநேகிதிகள் கூட்டமாகப் போய் வாங்கித் தின்பார்கள், இவள் வாழைப்பழத்தோடு எட்ட நிற்க வேண்டும். விரதம் என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், வருத்தம் என்றால் பாவம் பார்க்கிறார்களாம். இரண்டும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாமல் ரோல்ஸ் சாப்பிடத் தொடங்கினாள். மெலிந்தாள். கேட்டால், "எனக்கு அலுத்துப்போச்சு அம்மா. ஏன் நான் மட்டும்?" என்றாள். எனக்குப் பயம் பிடித்தது.

போன மாரியில் ஒருநாள், அவளை டொக்டரிடம் காட்டிவிட்டு வரும் வழியில் மருதனார்மடத்தில் மழை பிடித்துவிட்டது. சந்தையடித் தேத்தண்ணிக் கடையொன்றுக்குள் ஓடினோம். அங்கே மூலை மேசையில், தோளில் துவாயோடு அக்கா. முடி முழுவதும் நரைத்திருந்தது. ஜெசியைக் கண்டதும் எழும்பி வந்து, "என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்று கன்னத்தைப் பிடித்தார். எங்களைத் தன் மேசையிலேயே இருத்தினார். கடைக்காரப் பையன் வழக்கம்போலக் கேட்காமலே ரோல்ஸும் பணிஸும் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். ஜெசியின் கண் அதிலேயே போய் நின்றது. நான் வாய் திறக்க முதல் அக்கா தட்டைத் தள்ளினார்.

"கொண்டு போ தம்பி. நாங்கள் மா சாப்பிடுறேல்லை."

ஜெசி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் இன்னும் பிடிக்கிறீங்களோ?"

"முடிக்கச் சொல்லி ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே." அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஏன், நீ முடிச்சிட்டியோ? எனக்குச் சொல்லாமல்?"

உண்மையாகவே பயந்துபோய்த்தான் கேட்டார். இத்தனை வருசமும் தான் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தோமோ என்ற பயம் அது. ஜெசி என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"முடிக்கேல்லை அக்கா. இடையிலை கொஞ்சம் விட்டுப்போச்சு."

"அது காரியமில்லை. எனக்கும் பாண் வாசம் வந்தால் விசர் பிடிக்கிறது" என்றார் அக்கா. "இண்டையிலிருந்து திரும்பத் தொடங்கு. என்னைத் தனிய விட்டிடாதை, என்ன?"

"ஓம்" என்றாள் ஜெசி. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு போன பையனைக் கூப்பிட்டு, மேலே தொங்கிய கதலி வாழைக் குலையைக் காட்டி, "எங்கள் ரெண்டு பேருக்கும் அதிலை தாங்கோ" என்றாள்.